பட்டாணி காய்த்த நாள்
(பத்தாம் ஆண்டு விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையை ஆய்ந்துவரும் ஓர் அவையில் காய்கறிப் பாத்தியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். ஆயினும் பருவத்தையும் பிரிவையும் ஒரே முடிச்சில் கட்டிவைத்தவர்கள் தமிழ்ப் புலவர்களே. முல்லைத் திணைக்குக் காரும் மாலையும் பொழுதுகள், ஆற்றியிருத்தல் உரிப்பொருள். கார் தொடங்குமுன் திரும்புவேன் என்று சொல்லிச் சென்றவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழியோ, இது பருவமன்று, மரந்தான் அறியாமல் பூத்துவிட்டது என்று பொய்யுரைத்துத் தேற்றுகிறாள். பூத்ததா என்னும் கேள்விக்குள் வருவாரா என்னும் கேள்வி ஒளிந்திருப்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வாறு பழகிய செவிக்கு, 1790ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் நியூயார்க் நகரிலிருந்து ஒரு தந்தை தம் பதினொரு வயது மகளுக்கு எழுதிய மடல் அயலாக ஒலிக்காது.

எழுதியவர் தாமஸ் ஜெபர்சன். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவர். அப்போது புதிய குடியரசின் வெளியுறவுச் செயலர். மகள் மரியா வர்ஜீனியாவில் சிற்றன்னை வீட்டில் இருந்தாள். நியூயார்க்கில் பட்டாணியும் ஸ்ட்ராபெரியும் இம்மாதம் 8ஆம் நாள்தான் கிடைத்தன என்று தந்தை எழுதுகிறார். அதே நாளில்தான் ‘விப்புவர்வில்’ என்னும் பறவையின் குரலையும் அவ்வாண்டில் முதன்முறை கேட்டிருக்கிறார். அது இரவில் கூவுகின்ற, நம் ஊர்ப் பக்கியின் இனத்தைச் சேர்ந்த பறவை. தகைவிலான் குருவிகள் ஏப்ரல் 21இல் வந்துவிட்டன. இவையெல்லாம் உங்கள் பக்கம் என்றைக்கு வந்தன என்று மகளைக் கேட்கிறார். அந்தப் பறவை எப்போதும் பட்டாணியோடும் ஸ்ட்ராபெரியோடும் சேர்ந்துதான் வருகிறதா என்று இனிமேல் கவனித்து வரும்படியும் பணிக்கிறார்.

சிறுமியின் மறுமொழி கிடைத்திருக்கிறது. பட்டாணியும் ஸ்ட்ராபெரியும் மே மாதத்திலேயே கிடைத்துவிட்டன. ஆனால் அவ்வாண்டு உறைபனி விழுந்ததால் வழக்கம்போல் மிகுதியாக இல்லை. பறவைகள் வந்த நாள் தெரியாது. ஏனெனில் தன் கோழிக்குஞ்சுகளைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விட்டது. அவற்றிலும் பாதி இறந்துபோயின. உறவுக்காரப் பெண்ணும் தானுமாகச் சேர்ந்து காப்பாற்றியவை பதின்மூன்றே. அவள் எழுதியது இவ்வளவுதான். அரசியல் அறிஞரின் வினாத்தாளுக்கு ஒரு குழந்தை அளித்த இந்த விடையைப் படிப்பவர், அவர் கேட்காத இடத்தில் அவர் வேண்டியது கிடைத்துவிட்டதை உணர்வர். முன்னதாக ஏப்ரலில் எழுதிய மடலில், உனக்குப் பசலைக்கீரை விதைக்கத் தெரியுமா, கோழியை அடை வைக்கத் தெரியுமா என்றும் அவர் கேட்டிருந்தார். கீரைக்கு என்ன விடை வந்ததோ, கோழிக்குப் பதின்மூன்று என்னும் எண் வந்தது.

இத்தகைய கேள்விகளை ஒருவர் விளையாட்டாகக் கேட்பதில்லை. ஜெபர்சனின் மனைவி 1782இல் இறந்தார். ஆறு குழந்தைகளுள் வளர்ந்து பெரியவர்களானோர் மார்த்தா, மரியா என்னும் இருவரே. 1784இல் அவர் மூத்த மகளை அழைத்துக்கொண்டு பாரிஸ் சென்றார். இளைய குழந்தைகள் இருவரும் வர்ஜீனியாவில் தங்கினர். அவ்வாண்டு அக்டோபரில் இரண்டு வயது லூசி கக்குவான் இருமலால் இறந்தாள். அச்செய்தி கடல் கடந்து தந்தையின் கைக்கு வந்தபோது 1785 ஜனவரி மாதம் முடியும் தறுவாய். மூன்று மாதம் அவர் இறந்துவிட்ட குழந்தையை உயிரோடு இருப்பவளாக எண்ணிக்கொண்டிருந்தார். இதன்பின் மடல் வராத வாரம் அவர்க்கு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. தலைநகர் பிலடெல்பியாவுக்கு மாறிய பிறகு அவர் ஒரு முறை வகுத்தார். மூத்த மகள், மருமகன், இளைய மகள் மூவர்க்கும் வாரம் ஒருவராக அவர் எழுதுவார். அவர்களும் அப்படியே முறைவைத்து மறுமொழி எழுத வேண்டும். ஒருவர்க்கு மூன்று வாரத்தில் ஒரு மடல்தான். தந்தைக்கோ வாரம் ஒன்று தவறாது. முறை அடிக்கடி தவறியது. அவர் மடல்களில் பாதி அந்தக் குறைபாட்டைப் பற்றியதே.

அன்பை எழுது என்று ஒரு குழந்தையிடம் கேட்க இயலாது; கேட்டாலும் சம்பிரதாயமான இரண்டு வரிகள்தாம் வரும். பட்டாணி எப்போது காய்த்தது என்று கேட்டால் அவள் தோட்டத்திற்குள் நடந்துபோய்ப் பார்த்தாக வேண்டும். 1791 மார்ச் 9ஆம் நாள் மடலில் இந்த உபாயம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அப்போது மரியா தமக்கையோடு மாண்டிசெல்லோ என்னும் மலைவீட்டில் இருந்தாள். பிலடெல்பியாவில் பிப்ரவரி 27இல் கரும்பறவைகளையும் ராபின்களையும் கண்டதாகவும், மார்ச் 7இல் தவளைக் குரல் கேட்டதாகவும் ஜெபர்சன் எழுதுகிறார். வசந்தத்தின் வரவை உணர்த்தும் உயிரினம், செடி கொடி ஒவ்வொன்றையும் அங்கே நாள் குறித்து வை. இரண்டு ஊர்களின் தட்பவெப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்கிறார். இதனை அறிவியல் ஆர்வம் என்றே சொல்லி நிறுத்துவாரும் உண்டு. அறிவியல் ஆர்வம் அவர்க்கு இருந்தது உண்மை. ஆனால் ஒரே பயிர் இரண்டு ஊர்களில் காய்க்கும் நாட்களுக்கு இடைப்பட்ட வேறுபாடு என்பது, பிரிந்தவர் இருவருக்கு இடைப்பட்ட தொலைவை மைல் கணக்கில் அல்லாமல் நாள் கணக்கில் அளப்பதும் ஆகும். நியூயார்க்கில் ஜூன் 8, வர்ஜீனியாவில் மே. மகள் உண்டு முடித்த பட்டாணியைத் தந்தை பின்னால் வந்து உண்கிறார்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இந்நாட்டு வழக்கு. வர்ஜீனியாவின் பட்டம் வேறு. அங்கே குளிர்காலத்தின் உறைபனி மண்ணைக் கல்லாக்கிவிடும். பிப்ரவரி இறுதியில் மண் சற்று இளகியதும் முதலில் இறங்குவது பட்டாணி. இளஞ்செடி பனியைத் தாங்கும். தக்காளி, வெண்டை போன்றவற்றுக்கு மண் நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகும். ஆகவே அந்நாட்டில் வசந்தத் தோட்டம் என்பது முதலில் தாளின்மேல் போடப்படுவது. சன்னலுக்கு வெளியே பனி கிடக்கும்போதே இன்ன பாத்தியில் இன்னது என்று எழுதியாக வேண்டும். தோட்டம் பக்கத்தில் இருப்பவர்க்கே அது கற்பனை. இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருப்பவர்க்குக் கற்பனையின் கற்பனை.

ஜெபர்சனின் ‘தோட்ட ஏடு’ புகழ்பெற்றது. 1766 மார்ச் 30ஆம் நாள், அவர்க்கு இன்னும் 23 வயது நிரம்பவில்லை, தாம் பிறந்த ஷாட்வெல் பண்ணையில் ஊதா நிற ஹயசிந்த் மலரத் தொடங்கியது என்று முதற்குறிப்பு எழுதினார். கடைசிக் குறிப்புகள் 1824ஐச் சேர்ந்தவை. எட்வின் பெட்ஸ் என்பவர் மடல்களையும் சேர்த்து அதனை 1944இல் பதிப்பித்தார். கவிஞர்கள் படித்துப் பார்க்க வேண்டிய நூல் அது. வருணனை அறவே இல்லை. விதைத்தது, முளைத்தது, மேசைக்கு வந்தது என்று மூன்றே வினைகள். நான்காவதாக ஒரு வினையும் உண்டு: பொய்த்தது. அந்தச் சொல் அந்த ஏட்டில் அடிக்கடி வருகிறது. அவர் வெளியூரில் இருந்த ஆண்டுகளில் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த வெறுமையைத்தான் மடல்கள் நிரப்பின.

பாரிஸில் அவர் குடியிருந்த வீட்டுத் தோட்டத்தில் மக்காச்சோளம் பயிரிட்டார். தம் ஊர் வழக்கப்படி பச்சைக் கதிராகவே பறித்து உண்பதற்காக என்று 1787இல் ஊருக்கு எழுதி, சோளம், தர்ப்பூசணி முதலியவற்றின் விதைகளை அனுப்பும்படி கேட்டார். பிரெஞ்சுச் சமையலின் சுவை அறிந்தவர், அதனை விரும்பித் தம் நாட்டுக்கே கொண்டுபோனவர். அவர்க்கும் நாக்கின் அடியில் ஊர் இருந்தது. கடல் கடந்துபோய் வாழும் தமிழர் வீட்டுப் பின்கட்டில் ஒரு மிளகாய்ச் செடியையோ கறிவேப்பிலைக் கன்றையோ பார்த்தவர்கள் இதனை உடனே அறிந்துகொள்வர்.

1793ஆம் ஆண்டு வேனிலில், தோட்டத்தைப் பூச்சிகள் அழிக்கின்றன என்று மார்த்தா எழுதினார். ஜூலை 21ஆம் நாள் ஜெபர்சன் பிலடெல்பியாவிலிருந்து விடை எழுதினார். செடிகள் நலிந்திருப்பதால்தான் பூச்சிகள் துணிவு பெறுகின்றன. செடிகள் நலிந்திருப்பது மண் மெலிந்திருப்பதால். வரும் குளிர்காலத்தில் தோட்டம் முழுவதும் கனமாக எரு பரப்புவோம். மண் வளமாயிருந்தால் வறட்சிக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இருநூறு ஆண்டு கழித்து இயற்கை வேளாண்மை பேசுவோர் கூறும் கருத்து அது. ஆனால் கவிஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் ‘பரப்புவோம்’ என்னும் தன்மைப் பன்மை. பதவியைத் துறந்து வீடு திரும்பும் எண்ணம் அவர் உள்ளத்தில் அப்போது முற்றியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 31இல் துறந்தார். வருவேன் என்று எழுதாமல் எருவைப் பற்றி எழுதினார்.

அந்தப் பன்மைக்குள் இருந்தவர் யாவர் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. எருவை வண்டியில் ஏற்றி மலைமேல் கொண்டுவந்து கொட்டிப் பரப்பியவர் ஜெபர்சனும் அல்லர், மார்த்தாவும் அல்லர். தம் வாழ்நாளில் அவர் 600க்கும் மேற்பட்ட மாந்தரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். மாண்டிசெல்லோவின் காய்கறித் தோட்டம் இன்று காண்போரை வியக்கவைக்கும் காட்சி: தென்கிழக்கு நோக்கிய சரிவை வெட்டி அமைத்த, 1000 அடி நீளமும் 80 அடி அகலமும் கொண்ட ஒரே மேடை, அதைத் தாங்கும் கருங்கல் சுவர் சில இடங்களில் 12 அடி உயரத்திற்கும் மேல் நின்றது. அதில் 24 சதுரங்கள். காய் உண்பவை, வேர் உண்பவை, இலை உண்பவை என்று பிரித்து நடப்பெற்றன. அவர் காலத்தில் 330க்கும் மேற்பட்ட காய்கறி வகைகள் அங்கே முயன்று பார்க்கப்பட்டன. இம்மேடை அமைக்கப்பட்ட 1806 முதல் 1809 வரை ஜெபர்சன் வாஷிங்டனில் குடியரசுத் தலைவராக இருந்தார். கட்டளைகள் மடல் வழியே வந்தன. மண்ணை வெட்டியவர்கள் வேறொரு பண்ணையாரிடமிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்ட ஏழு அடிமைகள். கூலி பண்ணையார்க்கு. அந்த எழுவரும் தத்தம் வீட்டை விட்டு வந்தவர்களே.

வாஷிங்டனில் இருந்த எட்டாண்டுகளிலும் ஜெபர்சன் நகரச் சந்தைக்கு 37 காய்கறிகள் முதன்முதல் வந்த நாளையும் கடைசியாக வந்த நாளையும் அட்டவணையாக எழுதிவைத்தார். நாட்டின் எல்லை இரு மடங்கான காலம் அது. அந்த வேலைகளுக்கு நடுவில், சொந்தப் பாத்தி இல்லாத ஒருவர் சந்தையையே பாத்தியாக ஆக்கிக்கொண்டிருக்கிறார். மரியா 1804 ஏப்ரல் 17இல், 25 வயதில், மாண்டிசெல்லோவில் மகப்பேற்றுக்குப் பின் நலிவுற்று இறந்தாள். தந்தை அந்நாட்களில் உடனிருந்தார். பசலைக்கீரை விதைக்கத் தெரியுமா என்று கேட்கப்பட்ட சிறுமி அவள். அதன்பின் இத்தகைய கேள்விகள் மார்த்தாவின் பிள்ளைகளுக்குப் போயின. பேத்தி ஆனிடம் பூச்செடிகளின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1807 ஜூனில் வீட்டின் முன்புறம் அமையவேண்டிய பூப்பாத்திகளின் வரைபடத்தையே தாத்தா அவளுக்கு வரைந்து அனுப்பினார்.

இந்த ஆன் வைத்திருந்த வீட்டுக் கணக்குப் புத்தகம் ஒன்று உண்டு. 1805 முதல் 1808 வரையிலானது. தொடங்கியபோது அவளுக்கு 14 வயது. தோட்ட ஏட்டைக் கொண்டாடுவோர் பலர் இதனைப் புரட்டுவதில்லை. அதில் கோழி, முட்டை, வெள்ளரி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று வாங்கிய கணக்கு வரிசையாக இருக்கிறது. வாங்கியது எவரிடம்? அடிமைகளிடம். பகலெல்லாம் எசமானரின் வயலில் உழைத்தவர்கள் அந்தி சாய்ந்த பின்னும் ஞாயிற்றுக்கிழமையும் தம் குடிசையருகே ஒரு துண்டு நிலத்தைக் கொத்திக் காய்கறி விளைவித்தனர். அதைப் பெரிய வீட்டுக்கு விற்றனர். உருளைக்கிழங்கைக் குழியில் காத்துவைத்து, பெரிய தோட்டம் வெறுமையாகக் கிடக்கும் குளிர்காலத்தில் விற்றவர்களும் உண்டு. ஆயிரம் அடித் தோட்டத்தின் எசமானர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அந்தத் துண்டு நிலங்கள் துணைபுரிந்தன. அவர்களும் பட்டம் பார்த்தனர், அவர்களும் திட்டமிட்டனர். அந்தத் திட்டம் தாளில் எழுதப்படவில்லை. விலை மட்டும் ஒரு சிறுமியின் கையெழுத்தில் தங்கியது.

வாஷிங்டனிலிருந்து வந்த விதைகளையும் கிழங்குகளையும் மண்ணில் இட்டவர் வொர்ம்லி ஹியூஸ். 1781இல் பிறந்தவர். சிறு வயதில் ஆணிப் பட்டறையில் வேலை. பின்னர் ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் தொழில் கற்றார். பிறகு தோட்டமும் குதிரைக் கொட்டாரமும் அவர் பொறுப்பு. ஆனுக்கும் தாத்தாவுக்கும் நடந்த மடல்களில் அவர் பெயர் வருகிறது. அவர் மனைவி ஊர்சுலா. 1801இல், 14 வயதில், பிரெஞ்சுச் சமையல் பழக ஊர்சுலா வாஷிங்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார். குடியரசுத் தலைவர் மாளிகையிலேயே 1802இல் அவர்க்கு ஒரு குழந்தை பிறந்தது. அம்மாளிகையில் பிறந்த முதற்குழந்தை அதுவே என்று கருதப்படுகிறது. குழந்தை நெடுநாள் வாழவில்லை. அவ்வாண்டே ஊர்சுலா மலைக்குத் திரும்பினார். பிரிவு அந்த மலையில் இரு வகையாக இருந்தது. ஒன்று மடல் எழுதியது. தன் துயரை அறிவித்தது. அடுத்த வாரம் மறுமொழி வரவில்லையே என்று கடிந்துகொண்டது. மற்றொன்று தோட்டத்தில் நின்று, முன்னதன் மடலில் கண்டபடி விதைத்துக்கொண்டிருந்தது.

1809 மார்ச்சில் ஜெபர்சன் ஓய்வுபெற்று வீடு திரும்பினார். அவ்வாண்டின் தோட்டக் குறிப்புகள் போல் நிறைவானவை அதற்கு முன் இல்லை. தேக்கி வைத்திருந்தது எல்லாம் ஒருசேர இறங்குகிறது. பிப்ரவரி முதல் நாளிலிருந்து செப்டம்பர் முதல் நாள்வரை திங்கட்கிழமை தோறும் காலையில் ஒரு தையல் விரலுறை அளவு லெட்யூஸ் கீரை விதையை விதைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. அண்டை வீட்டாரிடையே ஆண்டுதோறும் ஒரு பந்தயம்: எவர் வீட்டில் முதற்பட்டாணி மேசைக்கு வருகிறதோ அவர் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் வென்றவர் ஒரே நண்பர். ஓராண்டு ஜெபர்சன் வீட்டில் முந்திக்கொண்டது. வீட்டார் நினைவூட்டியபோது, சொல்லாதீர்கள், அவரே முதலில் என்று மகிழட்டும் என்றாராம். பேரர் பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. பதினேழு ஆண்டுகள் அவர் அந்த மலையில் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வாழ்ந்தார். மடலில் கேட்டவற்றைக் கண்ணால் கண்டார்.

1826 ஜூலை 4இல் அவர் இறந்தார். குழி தோண்டியவர் வொர்ம்லி ஹியூஸ். கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் இருந்தது. 130 அடிமைகள் விற்கப்படுவர் என்று விளம்பரம் வெளிவந்தது. 1827 ஜனவரி நடுவில், கடுங்குளிரில், மலைவீட்டின்முன் ஏலம் தொடங்கியது. வொர்ம்லிக்கு, இறந்தவரின் வாய்மொழி விருப்பப்படி, மார்த்தா விடுதலை அளித்தார். ஊர்சுலாவும் பிள்ளைகளும் ஏலத்தில் நின்றனர். விடுதலை பெற்ற மனிதர் தம் மனைவி மக்களின் விலை கூறப்படுவதைக் கேட்டார். பட்டாணி விதைக்கும் பட்டத்திற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

ஜெபர்சனின் பேரர் ஊர்சுலாவையும் இளைய பிள்ளைகளையும் வாங்கியதால் அக்குடும்பத்தில் ஒரு பகுதி எட்ஜ்ஹில் என்னும் பண்ணையில் மீண்டும் கூடியது. வொர்ம்லி 1858 வரை வாழ்ந்தார். எட்ஜ்ஹில்லுக்கும், 1766இல் முதல் ஹயசிந்த் மலர் நாள் குறிக்கப்பட்ட ஷாட்வெல்லுக்கும் இடையே சிறிது தொலைவே.